23, 25, 28, 32: சாலை மிதிவண்டிக்கு எந்த அகல டயர்?

டயர் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அவ்வளவு வேகம் என்ற எண்ணம், பந்தய வீரர்கள் 23 மி.மீ. டயரில் ஓடிய காலத்தில் கேள்விக்கே உள்ளாகவில்லை. இன்று அதே பந்தயங்களில் 28 மி.மீ. இயல்பாகிவிட்டது, கல் பாவிய பாதைகளைக் கடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் 30 மி.மீ.யும் அதற்கு மேலும் ஓடுகின்றன.

டயர் தரையைத் தொடும் பரப்பை, அதன்மேல் இறங்கும் எடையும் உள்ளே உள்ள காற்றழுத்தமுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. பின்சக்கரத்தில் 42 கிலோ இறங்கி, அழுத்தம் சதுர செ.மீ.க்கு 7 கிலோவாக, அதாவது ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ ஆக இருந்தால், 23 ஆனாலும் 28 ஆனாலும் தொடும் பரப்பு சுமார் 6 சதுர செ.மீ.தான். மாறுவது அதன் வடிவம்: ஒடுங்கிய டயரில் அது நீண்டும், அகன்றதில் நீளம் குறைந்து அகலமாகவும் படிகிறது. நீளமாக அமுங்கும் டயர் கூடுதலாக வளைந்து நிமிர வேண்டியிருப்பதால், அந்த அளவுக்கு மிதிக்கும் சக்தி வெப்பமாக வீணாகிறது. ஆகவே, ஒரே அழுத்தத்தில் அகன்ற டயரே இலகுவாக உருளும்.

ஆனால் 28 மி.மீ. டயரில் 100 பிஎஸ்ஐ அடைத்துவிட்டு, வித்தியாசமே தெரியவில்லை என்று குறைப்படுவது அந்த டயருக்குச் செய்யும் அநீதி. 70 கிலோ எடையுள்ளவருக்கு 70 பிஎஸ்ஐயை ஒட்டிய அழுத்தமே அதற்குப் போதும். அப்படிக் குறைக்கும்போது, வழவழப்பான தளத்தில் உருளும் ஆதாயம் ஏறத்தாழக் கரைந்துபோகும் என்பது உண்மை. சொரசொரப்பான சாலையிலோ கணக்கே வேறு: இறுகிய டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியையும் ஓட்டுபவரையும் தூக்கிப் போட, முன்னேறப் பயன்பட வேண்டிய சக்தி உடலின் அதிர்வாகவே செலவாகிறது. மென்மையான டயர் அந்த மேட்டைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. நெடுந்தூரம் சென்றவரின் மணிக்கட்டும் இடுப்பும் இதை எந்த அளவுகோலையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

23 மி.மீ.க்கு எஞ்சியிருப்பவை, எடையில் சிறு குறைவும் காற்றைக் கிழிப்பதில் சிறு அனுகூலமும்தான். அந்த அனுகூலமும் ரிம்மைப் பொறுத்தது; டயரைவிட ரிம் சற்றேனும் அகலமாக இருந்தால்தான் காற்று பிரியாமல் வழுக்கிச் செல்லும். பழைய ஒடுங்கிய ரிம்களுக்கு 25 நல்ல நடுவழி. 32 மி.மீ. சிதைந்த சாலைக்கும், சுமையோடு செல்பவருக்கும், எடை கூடியவருக்கும் உரியது. ரிம்மில் டியூப் நசுங்கிப் பஞ்சராகும் வாய்ப்பும் அதில் குறைவு. மற்றவர்களுக்கு, ஃபிரேம் இடம் கொடுக்குமானால், 28ஐயே தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஃபிரேமில் உள்ள அந்த இடத்தை, டயர் வாங்குவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். ரிம் பிரேக் கொண்ட பல பழைய வண்டிகளில் 25க்கு மேல் நுழைவதில்லை. டிஸ்க் பிரேக் வண்டிகளில் இந்தத் தடை பெரும்பாலும் இல்லை. டயரில் அச்சிட்ட எண்ணையும் நம்ப முடியாது, ஏனெனில் உள்ளகலம் கூடிய ரிம்மில் 28 மி.மீ. டயர் 30ஐ நெருங்கி உப்பிவிடும். டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் மடிப்பு இல்லாத, அதாவது கொக்கியில்லாத (hookless) ரிம் என்றால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, தாண்டக்கூடாத எல்லை. 25இலிருந்து 28க்கு மாறியவர், தூரம் காட்டும் கருவியில் சக்கரச் சுற்றளவை 2105இலிருந்து 2136 மி.மீ.க்கு மாற்றிவிட வேண்டும்.