கடிகாரத்துக்கு விலை குறைந்த செல், பிரஷர் மெஷினுக்கு அல்கலைன்

மளிகைக் கடையில் போய் “ரிமோட் செல் ரெண்டு குடுங்க” என்று கேட்டால், கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையிலிருந்து இரண்டைக் கிழித்துக் கொடுப்பார்கள், 30 ரூபாய் வாக்கில் வேலை முடிந்துவிடும். அதே அளவு செல் சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலும் பளபளப்பான பாக்கெட்டில் தொங்குகிறது, நாலு செல் 150 ரூபாய்க்கு மேல். இரண்டும் 1.5 வோல்ட்தான், உயரமும் தடிமனும் ஒன்றுதான், பிறகு எதற்கு இந்த மூன்று மடங்கு விலை, கம்பெனிப் பெயருக்கா என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். பெயருக்கு இல்லை. உள்ளே இருக்கும் சரக்கே வேறு.

அட்டையில் தொங்குவது ஜிங்க் கார்பன். அதில் வெளித் தகரம் மாதிரி தெரிகிற துத்தநாகக் குவளையே மைனஸ் முனை, நடுவில் ஒரு கரிக்குச்சி, சுற்றிலும் மாங்கனீஸ் டை ஆக்சைடு கலந்த கருப்புப் பொடி. டார்ச் லைட்டின் பழைய பேட்டரிக்கட்டையைக் கல்லால் உடைத்து அந்தக் குச்சியால் தரையில் கோடு போட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பளபளப்பான பாக்கெட்டில் இருப்பது அல்கலைன். அதில் துத்தநாகம் பொடியாகி ஜெல் வடிவத்தில் நடுவில் இருக்கிறது, மின்கரைசல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, வெளிக்கூடு தனியாக ஒரு எஃகுக் குவளை. துத்தநாகம் பொடியாக இருப்பதால் வேலை செய்யும் பரப்பு பெரிது, அதிக மின்சாரம் கேட்டாலும் மூச்சு வாங்காமல் கொடுக்கும்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பர வார்த்தைகளை விட்டுவிடுங்கள். ‘ஹெவி டியூட்டி’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் பலமான செல் என்றுதான் யாருக்கும் தோன்றும், ஆனால் அது ஜிங்க் கார்பனிலேயே ஜிங்க் குளோரைடு வகையைக் குறிக்கிற வழக்கமான பெயர், பழைய அம்மோனியம் குளோரைடு செல்லைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான், அல்கலைனுக்குப் பக்கத்தில்கூட வராது. சூப்பர், கோல்டு என்பதெல்லாம் எதையும் சொல்வதில்லை. செல்லின் மேல் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும், அதைப் பாருங்கள். ஆர்6 என்றால் கடிகார அளவில் ஜிங்க் கார்பன், எல்ஆர்6 என்றால் அதே அளவில் அல்கலைன். ரிமோட் அளவுக்கு ஆர்03, எல்ஆர்03. முன்னால் ‘எல்’ இருக்கிறதா இல்லையா, இந்த ஒரு எழுத்துக்குத்தான் நாம் கூடுதல் காசு கொடுக்கிறோம். ‘எல்’ இல்லாத செல்லை அல்கலைன் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, யாருக்கு எது? சுவர்க் கடிகாரத்துக்கு அல்கலைன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. குவார்ட்ஸ் கடிகாரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சராசரியாக ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பங்குதான். இப்படிச் சொட்டுச் சொட்டாக எடுக்கிற பொருளுக்கு ஜிங்க் கார்பன் தாராளமாகப் போதும், எங்கள் வீட்டில் ஒரு செல் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடுகிறது. அல்கலைன் போட்டால் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடும்தான், ஆனால் விலை மூன்று மடங்கு, கணக்குப் போட்டால் லாபம் ஒன்றும் இல்லை. போகிக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும்போது எல்லாக் கடிகாரத்தையும் கழற்றித்தான் ஆக வேண்டும், அன்றைக்கே எல்லாவற்றுக்கும் புது செல் மாற்றிவிடுங்கள். கடிகாரம் மெதுவாக ஓடி பஸ்ஸை விடுகிற கதையும் இருக்காது, தீர்ந்த செல் உள்ளேயே கிடந்து கசிகிற கதையும் இருக்காது. டிக் டிக் சத்தமே இல்லாமல் நொடிமுள் வழுக்கிக்கொண்டு போகிற கடிகாரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், அதற்கும் இதையே போடலாம், சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும்.

மோட்டார் உள்ள எதற்கும் கதை தலைகீழ். பிள்ளைகளின் பொம்மைக் கார், ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின், இவையெல்லாம் நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியரை ஒரே மூச்சில் இழுப்பவை. அந்த வேகத்தில் ஜிங்க் கார்பன் தன் கொள்ளளவில் ஒரு சிறு பங்கைத்தான் கொடுக்கும், மீதி உள்ளேயே இருந்தும் பயனில்லாமல் போகும், ஏனென்றால் உள் மின்தடை அதிகம், இழுக்க இழுக்க வோல்டேஜ் சரிந்துவிடும். பொம்மைக் கார் கொஞ்ச நேரம் பறக்கும், அப்புறம் தவழும், அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டு எடுத்தால் திரும்ப ஓடும். பழைய ரேடியோ செல்லை வெயிலில் காய வைத்தார்களே, பல்லால் கடித்தார்களே, அதற்கும் காரணம் இதுதான். ஓய்வு கிடைத்தால் உள்ளே தேங்கிய வேதிப்பொருள்கள் பரவி வழிவிடும், சூடு கிடைத்தால் வேதிவினை வேகம் பிடிக்கும். புதிதாக எதுவும் ஏறுவதில்லை. இப்போது இருக்கும் செல்களைக் கடிக்காதீர்கள், அல்கலைனில் இருப்பது காரம், வாயில் பட்டால் புண்ணாகிவிடும்.

என் அம்மாவின் பிரஷர் மெஷினுக்கு நாலு செல். அதோடு வந்த கையேட்டிலேயே அல்கலைன் போடச் சொல்லியிருக்கிறார்கள். மலிவான செல்லைப் போட்டால் பட்டை காற்றேறி இறுகுகிற நேரத்தில் திரை மங்கும், மோட்டார் முனகும், எர்ரர் காட்டி நின்றுவிடும். காலையில் வெறும் வயிற்றில் அளவு பார்க்க உட்கார்ந்த வயதானவருக்கு இது எத்தனை பதற்றம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும், பதற்றத்திலேயே அடுத்த அளவு கூடுதலாக வரும். இந்த ஒரு மெஷினுக்காவது விலை பார்க்காதீர்கள், கூடவே மாற்றுவதற்கு நாலு செல் டிராயரில் இருக்கட்டும்.

ரிமோட் இரண்டுக்கும் நடுவில். பொத்தானை அழுத்துகிற நொடியில் மட்டும்தான் மின்சாரம் போகிறது, அதனால் டிவி ரிமோட்டுக்கு நல்ல கம்பெனியின் ஜிங்க் கார்பன் போதும். ஏசி ரிமோட்டை நான் தனியாகத்தான் பார்ப்பேன். கோடை முடிந்ததும் அலமாரியில் போனால் திரும்ப மார்ச்சில்தான் வெளியே வரும், அதுவரை செல் உள்ளேயே கிடக்கும். எங்கள் வீட்டில் அப்படிக் கிடந்த ஒரு ஜோடி மலிவு செல் (பெயர் வேண்டாம்) அடிப்பக்கம் நீர் கசிந்து, மைனஸ் பக்கத்து ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்து, தொட்டதும் ஸ்பிரிங்கின் நுனி உடைந்து கையோடு வந்துவிட்டது. புது ரிமோட் வாங்கிய காசுக்குப் பல வருடத்துக்கு நல்ல செல்லே போட்டிருக்கலாம். ஜிங்க் கார்பன் ஏன் இப்படிக் கசிகிறது என்றால், மின்சாரம் கொடுக்கக் கொடுக்கக் கரைவது அதன் சுவரேதான். தீர்ந்துபோன செல்லில் சுவர் மெலிந்து ஓட்டை விழும். நல்ல கம்பெனிகள் துத்தநாகத்தைத் தடிமனாக வைத்து மேலே தகர உறையும் போடுகின்றன, ஊர் பேர் இல்லாத செல்லில் காகிதமோ பிளாஸ்டிக்கோ மட்டும் சுற்றியிருக்கும். கையில் எடுத்தால் எடையிலேயே வித்தியாசம் தெரியும்.

அதற்காக அல்கலைன் கசியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முழுக்கத் தீர்ந்து மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் ஹைட்ரஜன் சேர்ந்து அழுத்தம் கூடி அதுவும் கசியும், வெள்ளையாகப் பூக்கும். அப்படியானால் செல்லை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்தையும் துடைத்துக் காய வையுங்கள், ஸ்பிரிங் அரித்துப் போகாதிருந்தால் திரும்ப வேலை செய்யும். வெறுங்கையால் தொடாதீர்கள். நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் எந்தச் செல்லாக இருந்தாலும் கழற்றி வைப்பதுதான் வழி.

கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். ஜிங்க் கார்பனில் சிவப்பு எவரெடி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிப்போ, பானசோனிக், இந்த மூன்றில் கடையில் எது புதுசாக இருக்கிறதோ அதை வாங்குவேன், பெயருக்காக அலைய மாட்டேன். அல்கலைனில் டியூராசெல், எவரெடி அல்டிமா, பானசோனிக், அமேசானின் சொந்தப் பெயரில் வருவது எல்லாமே உண்டு, நான் பயன்படுத்திய வரை இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் சின்னது, ஜிங்க் கார்பனிலிருந்து அல்கலைனுக்கு மாறும்போது வருகிற தாவல்தான் பெரிது. அதனால் தள்ளுபடியில் எது குறைவாகக் கிடைக்கிறதோ அதுவே. பெயரைவிடத் தேதிதான் முக்கியம். ஜிங்க் கார்பன் இரண்டு மூன்று வருடத்திலேயே இருந்த இடத்தில் வலுவிழக்கும், சூட்டில் இன்னும் சீக்கிரம், அல்கலைன் ஐந்து வருடத்துக்கு மேல் தாங்கும். பெட்டிக்கடை வாசலில் மதிய வெயில் படுகிற இடத்தில் தொங்கி அட்டை வெளுத்துப்போன செல்லை எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அட்டையிலோ செல்லிலோ இருக்கும் தயாரித்த மாதத்தைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிரபலமான அல்கலைன் செல்களில் போலிகளும் வருகின்றன, அதனால் அவற்றைப் பிரிக்காத பாக்கெட்டாகத்தான் வாங்குவேன், உதிரியாக வாங்குவதில்லை.

வீட்டு டிராயரில் புதிதும் பழையதும் கலந்துவிட்டால் அல்கலைனுக்கு மட்டும் ஒரு சோதனை இருக்கிறது. தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி மேசைக்கு ஓர் அங்குலம் மேலே நிமிர்த்திப் பிடித்து விட்டுவிடுங்கள். புதியது தொப்பென்று உட்காரும், பயன்படுத்தியது துள்ளி விழும், உள்ளே இருந்த ஜெல் துத்தநாக ஆக்சைடாக இறுகுவதுதான் காரணம். ஆனால் துள்ளினால் தீர்ந்தது என்று தூக்கி எறியக் கூடாது. 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது ஏறத்தாழ பாதி தீர்ந்ததுமே துள்ளல் முழு அளவுக்கு வந்துவிடுவது தெரிந்தது. துள்ளுகிற செல்லைக் கடிகாரத்தில் போடுங்கள், மாதக்கணக்கில் ஓடும். பொம்மையில் தவழ ஆரம்பித்த அல்கலைன்களை நான் இப்படித்தான் முழுக்கத் தீர்க்கிறேன்.

திரும்பத் திரும்ப சார்ஜ் செய்கிற செல்லே வாங்கிவிடலாமே என்றால், பிள்ளைகள் தினமும் பொம்மையோ கேம் கன்ட்ரோலரோ ஓட்டுகிற வீட்டில் கண்டிப்பாக வாங்கலாம், எனெலூப் மாதிரி நல்லதாக சார்ஜரோடு வாங்கினால் 1,000 ரூபாய்க்கு மேல் ஆகும், சில மாதத்தில் அந்தக் காசு திரும்ப வந்துவிடும். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் அது வீண், வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிற இடத்தில் அந்தக் காசு எந்தக் காலத்திலும் திரும்பாது. பிரஷர் மெஷினிலும் கையேடு அனுமதித்தால் மட்டும் போடுங்கள், இந்தச் செல்கள் 1.2 வோல்ட் என்பதால் சில மெஷின்கள் நிறைந்த செல்லையே தீர்ந்தது என்று காட்டும்.

இரண்டு, நாலு செல் போடுகிற எதிலும் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜிங்க் கார்பனையும் அல்கலைனையும் கலந்தும் போடாதீர்கள். பலவீனமான செல்தான் முதலில் தீர்கிறது, மற்றவை அதன் வழியாகத் தொடர்ந்து மின்சாரத்தைத் தள்ளும்போது அது கசிகிறது. மாற்றினால் மொத்தமாக, ஒரே பாக்கெட்டிலிருந்து.