புகை போகும் எண்டு வாங்கின அடுப்பும் சோழகக் காத்தும்

2022ல இலங்கையில காஸ் தட்டுப்பாடு வந்த நேரம் வெறும் சிலிண்டரைக் கொண்டுபோய் வச்சிட்டு காஸ் லைன்ல விடிய விடிய நிண்ட ஆக்களுக்குத் தெரியும், அதுக்குப் பிறகு விறகடுப்பு ஒண்டும் இல்லாம மனம் நிம்மதியா இராது. எங்கட வீட்டில அனகி மண் அடுப்பு ஒண்டு இருந்தது, நல்ல அடுப்பு தான், ரெண்டு சட்டி வைக்கலாம், விறகும் மிச்சம், ஆனா புகைபோக்கி இல்லை, அம்மாவுக்கு இழுப்பு. அதால தான் போன வைகாசியில ஒரு வெல்டிங் பட்டறையில இரும்புத் தகட்டில அடிச்சு உள்ளுக்குச் செங்கல் வச்ச அடுப்பு ஒண்டு, குழாயும் பொருத்துக்கூலியும் சேத்து 42,000 ரூபாய்க்கு எடுத்தனான்.

அடுப்பில குறை சொல்ல ஒண்டுமில்லை. கதவு வடிவா மூடுது, சாம்பல் தட்டை இழுத்துக் கொட்டலாம், பனை மட்டை, ஊமல், பொச்சு எதைப் போட்டாலும் எரியுது. கரைச்சல் முழுக்கக் குழாயில.

அடுப்பின்ர வாய் 6 அங்குலம். பொருத்த வந்தவையிட்ட 4 அங்குலக் குழாய் தான் கிடந்ததாம், அதை ஒடுக்கிப் பூட்டி, சுவரால வெளியில எடுத்து, ரெண்டு எல்போ, அதான் வளைவுத் துண்டு, போட்டு, ஓட்டு விளிம்புக்கு மேல ஒண்டரை அடி நிக்க விட்டிட்டுப் போட்டினம். 6க்கு 4 எண்டா சின்ன வித்தியாசம் எண்டு தான் நானும் நினைச்சன், பரப்பைக் கணக்குப் பாத்தா அரைவாசிகூட இல்லை. முதல் ரெண்டு நாள் பிழையில்லை. மூண்டாம் நாள் சோழகம், அதான் தென்மேற்குக் காத்து, தூக்கிச்சுது பாருங்கோ, மேல போன புகை அப்பிடியே திரும்பி அடுப்புக் கதவால வருது, அம்மா புட்டுப் பானையை அப்பிடியே விட்டிட்டு முத்தத்துக்கு ஓடினவ.

பட்டறைக்கு எடுத்துக் கதைச்சன். "அண்ணை, உங்கட விறகு ஈரம்" எண்டார். கோவம் வந்தது, ஆனா அந்த மனுசன் சொன்னதில பாதி உண்மை. நாங்கள் எரிச்சது ரெண்டு கிழமைக்கு முந்தி வெட்டின பச்சை வேம்பு. சூடெல்லாம் விறகில இருக்கிற தண்ணியைக் காய வைக்கிறதிலயே போயிடும், குழாய் சூடாகாது, சூடில்லாட்டி புகையை மேல இழுக்கிற இழுவையில்லை, புகை உள்ளுக்க குளிர்ந்து தார் மாதிரி ஒட்டும். எல்போவைக் கழட்டினா கறுப்பா வழியுது.

மற்றப் பாதியை ஏஎல் படிக்கிற மகன் தான் விளங்கப்படுத்தினவன். 30 பாகையில ஒரு கன மீற்றர் காத்து கிட்டத்தட்ட 1.16 கிலோ, 200 பாகையில முக்கால் கிலோ தான். குழாய்க்குள்ள இருக்கிற பாரமில்லாத காத்தை வெளிக்காத்து கீழ இருந்து தள்ளுது, அவ்வளவு தான் இழுவை. குழாய் உயர உயர, உள்ளுக்கச் சூடு கூடக் கூட, தள்ளும் கூடும். குளிர் நாடுகளில வெளியில குளிர் எண்டபடியா அந்த வித்தியாசம் தானாக் கிடைக்கும், எங்கட வெயிலுக்கு நாங்கள் உயரத்தாலயும் நேர்க் குழாயாலயும் தான் சமாளிக்க வேணும். எங்கட குழாய் நிண்டதோ கூரையின்ர வடகிழக்குப் பக்கம், முகட்டை விடப் பதிவா. தென்மேற்கால வாற சோழகம் முகட்டில ஏறி மற்றப் பக்கம் கீழ்நோக்கிச் சுழண்டு விழேக்க சரியாக் குழாய் வாய்க்குள்ள தான் விழுது.

பேந்து வேற ஒருத்தரைப் பிடிச்சு, யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில 6 அங்குலக் குழாய் எடுத்து, ஓட்டைப் பிரிச்சு நேர மேல ஏத்தி, முகட்டுக்கு மேல ரெண்டு அடி நிக்க விட்டம். அதுக்கு இன்னொரு 19,000. அடுப்போட ஒட்டுற முதல் துண்டு மட்டும் கறுப்பு இரும்பு, ஏனெண்டா கல்வனைஸ், அதான் நாகம் பூசின தகடு, 200 பாகைக்கு மேல தொடந்து சூடேறினா பூச்சு உரியும், பழைய குழாய் அப்பிடித் தான் செதில் செதிலாக் கழண்டது. இப்ப ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாய்க்குக் கிட்டப் பிடிச்சா புகை நூல் மாதிரி வளைஞ்சு உள்ளுக்க போகுது, அம்மா அதை ரெண்டு தரம் செய்விச்சுப் பாத்தவ. விடிய குழாய் குளிர்ந்து கிடக்கேக்க மட்டும் முதல்ல ஒரு பழைய பேப்பரைக் கொளுத்தி வச்சிட்டு விறகை மூட்ட வேணும். எக்ஸோஸ்ட் ஃபானை அந்த நேரம் போட்டிடாதேங்கோ, அது குசினிக் காத்தை வெளியில உறிஞ்ச, குழாயால புகை திரும்பி உள்ளுக்க வரும், பட்ட அனுபவம்.

அடுப்புக்கு 5க்கு 4, பொருத்தின வேலைக்கு 1. வாங்கப் போறவை வாய் எத்தினை அங்குலம், குழாய் எத்தினை அங்குலம், முகட்டுக்கு மேல எவ்வளவு நிக்கும் எண்டு காசு குடுக்க முந்திக் கேளுங்கோ. எனக்கு இன்னும் குழாய் ஓட்டைத் துளைக்கிற இடத்தில ஒழுக்கு நிக்கேல்ல, மாரிக்கு முதல் வந்து பூசித் தாறன் எண்டவர் போனை எடுக்கிறார் இல்லை, இப்ப குழாயடியில ஒரு வாளி நிக்குது.