எச்பிவி விஎல்பி வாங்குகிறீர்களா? முதலில் பஃபர் என்னவென்று கேளுங்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி-16 வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்க எங்கள் லேபில் எலைசா (குழித் தட்டில் நிறம் மாறுவதை வைத்து அளக்கும் சோதனை) ஒன்று அமைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு அந்த வைரஸின் உறைப் புரதமான எல்1 வேண்டும். வெறும் புரதமாக வந்தால் போதாது. ஐந்தைந்தாகச் சேர்ந்து, அப்படி 72 கொத்துகள் கூடி, சுமார் 55 நானோமீட்டர் பந்தாக நிற்க வேண்டும். இதைத்தான் விஎல்பி என்கிறோம். வைரஸ் மாதிரியே இருக்கும், உள்ளே வைரஸின் டிஎன்ஏ கிடையாது. தடுப்பூசியில் இருப்பதும் இதுதான். பந்து குலைந்தால் முக்கியமான ஆன்டிபாடிகளுக்குப் பிடிமானம் இல்லை.

ஒரு விநியோகஸ்தர் "விஎல்பி, பூச்சி செல்லில் தயாரித்தது" என்று கொட்டேஷன் கொடுத்தார். 100 மைக்ரோகிராம் 48,000 ரூபாய். மற்றவர்கள் சொன்னதைவிட நன்றாகவே குறைவு. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏழு வாரம் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம், பெட்டி வாட்ச்மேன் அறைக்கு வந்து சேர்ந்தது. திங்கள் காலை திறந்தால் டிரை ஐஸ் பொட்டுகூட இல்லை. போன் செய்தேன். "அது பவுடர் சார், ஒன்றும் ஆகாது" என்றார்கள். என் கையில் இருந்த குப்பியிலோ திரவம் ஆடிக்கொண்டிருந்தது. லேபிளின் ஓரம் தூக்கியிருந்ததால் நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள், வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்!

அப்படியும் மைனஸ் 80இல் வைத்துவிட்டு மற்ற வேலையில் இறங்கிவிட்டோம். மூன்று வாரம் கழித்து புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓட்டினால், எல்1இன் எடையான 55 கிலோடால்டனில் பட்டை அழகாக வந்தது. அதைப் பார்த்து நிம்மதியானது இன்னொரு தப்பு. அந்த ஜெல்லில் புரதத்தை எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட்டோடு கொதிக்கவைத்துப் பிரித்துத்தானே ஓட்டுகிறோம், பந்தாக இருந்ததா என்று அது எங்கே சொல்லும்? எலைசாவில்தான் குட்டு வெளிப்பட்டது. குலைந்த எல்1ஐயும் பிடிக்கும் கேம்விர்-1 என்ற ஆன்டிபாடி போட்ட குழிகள் பளிச்சென்று மஞ்சள். குலையாத வடிவத்தை மட்டும் பிடிக்கும் எச்16.வி5 என்ற ஆன்டிபாடி போட்டவை நிறமே இல்லாத வெறும் தண்ணீர். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பிலும் ஒரு பந்துகூடத் தென்படவில்லை.

பஃபர், அதாவது புரதம் கரைந்திருக்கும் திரவம், என்னவென்று மூன்று மெயில் போட்ட பிறகு பதில் வந்தது: 8 மோலார் யூரியா. புரதத்தின் மடிப்பையே அவிழ்த்துவிடும் அதில் எந்தப் பந்து நிற்கும்? பூச்சி செல்லில் அல்ல, ஈ.கோலை பாக்டீரியாவில் கட்டியாகத் திரண்டதைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். ஈ.கோலை மேல் எனக்குக் குறையில்லை. அதில் செய்த எல்1ஐ முறையாகப் பந்தாக்கிச் சீனாவில் தடுப்பூசியே தயாரிக்கிறார்கள்.

பணம் கேட்டதற்கு, பெற்ற 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்ற பொடி எழுத்து நிபந்தனையைக் காட்டிக் கைவிரித்தார்கள். அதனால் குப்பி வந்த வாரமே துளி எடுத்துச் சோதித்துவிடுங்கள். உங்கள் லாட்டின் மைக்ரோஸ்கோப் படத்தையும் பஃபர் விவரத்தையும் ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். யூரியா இல்லாவிட்டாலும் டிடிடி என்ற வேதிப்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள், புரதங்களுக்கு இடையிலான கந்தகப் பிணைப்புகளை உடைத்து அதுவும் பந்தைப் பிரிக்கும்.

மிச்சமிருப்பதைக் "குலைந்த எல்1" என்று எழுதி ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம். எச்16.வி5 பிடிக்கக் கூடாத நெகட்டிவ் கண்ட்ரோலாக நன்றாகவே உழைக்கிறது.