யாழ்ப்பாணத்தில் போன்ஃபிஷ் பிடிக்கலாம் என்று முற்பணம் கேட்கிறார்கள், கவனம்

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கும்போது, வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்களைக் குறிவைத்து பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் ஓடத் தொடங்கும். “சொந்த மண்ணில் ஃபிளை தூண்டில். நெடுந்தீவில் போன்ஃபிஷ். படகு, கோல், சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு. தலைக்கு 250 அமெரிக்க டொலர்.” பாதிக் காசை முன்னுக்கே அனுப்பச் சொல்வார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். மச்சானும் நானும் அனுப்பினோம், போனோம், வந்தோம். இனி ஒருவரும் மாட்டுப்படக் கூடாது என்பதற்காக விபரமாக எழுதுகிறேன். அந்தப் பக்கத்தின் பெயரைப் போட்டுப் பிரயோசனமில்லை, இதற்குள் அது இரண்டாவது பெயரில் நடக்கிறது. படங்கள் மட்டும் அதே படங்கள்.

மச்சான் ரொறன்ரோவில் இருக்கிறார். அங்கே ஆறுகளில் ட்ரவுட் பிடித்துப் பழகிய ஆள். கடலில் ஒருக்காவாவது ஃபிளை (இறகும் நூலும் கட்டிச் செய்கிற பொய் இரை) போட வேண்டும் என்று பஹாமாஸ் பயணத்துக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்டுக்காரருக்குப் போன்ஃபிஷ் என்றால் அவ்வளவு பெருமை, 10 சத நாணயத்திலேயே இரண்டு போன்ஃபிஷைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த விளம்பரம். எப்படியும் திருவிழாவுக்கு வருகிறோம், பஹாமாஸில் கொட்டுகிற காசை ஊர்ப் பொடியன் ஒருவனுக்குக் குடுப்போமே என்று நினைத்தார். இவர்கள் விற்பதே அந்த நினைப்பைத்தான்.

இந்த மீனைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன்ஃபிஷைச் சட்டிக்காகத் தேடிப் போகிறவர்கள் குறைவு, உடம்பு முழுக்க முள்ளு. கடல் பெருகும்போது முழங்காலளவு தெளிந்த தண்ணீரில் மணல்மேடுகளுக்கு ஏறி வந்து, நண்டையும் இறாலையும் கிண்டித் தின்னும். உடம்பு வெள்ளி நிறம் என்பதால் மீனை விட அதன் நிழல்தான் முதலில் கண்ணில் படும். அதைக் கண்டு, அது போகிற திசைக்கு முன்னால் ஓசையில்லாமல் ஃபிளையைப் போட வேண்டும். கொளுவினால் ஒரே ஓட்டத்தில் நூறு மீற்றருக்கு மேல் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். அந்த ஓட்டத்துக்காகத்தான் உலகம் முழுக்க இருந்து ஆட்கள் காசு செலவழிக்கிறார்கள். பிடித்த கையோடு திரும்ப விட்டுவிடுவார்கள். புளோரிடாவில் 2013 முதல் அப்படி விட வேண்டும் என்பதே சட்டம்.

ஆகவே இது கண்ணால் வேட்டையாடுகிற தொழில். உச்சி வெயில் வேண்டும், தெளிந்த தண்ணீர் வேண்டும், பெருகி வருகிற கடல் வேண்டும். இந்த மூன்றையும் பற்றி வற்ஸ்அப்பில் மச்சான் கேட்டதற்கு வந்த பதில்: “அண்ணை, நீங்கள் எப்ப வந்தாலும் மீன் நிக்கும், பயப்பிடாதேங்கோ.” பெருக்கு எத்தனை மணிக்கு என்று திரும்பக் கேட்டார். ஒரு பெருவிரல் படம் வந்தது.

ஆவணி மாதம் யாழ்ப்பாணத்தில் சோழகம் என்கிற தென்மேல் காற்று வீசுகிற காலம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்கு நின்றவர்களைக் கேட்டால் அந்தக் காற்றில் கடல் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். நெடுந்தீவைக் காட்டிக் காசு வாங்கிய ஆளுக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. அன்று காலை போன் எடுத்து, “இண்டைக்குக் கடல் சரியில்லை, மண்டைதீவுப் பக்கம் போவம், அங்கதான் மீன் கூட” என்றார். காலை ஏழு மணி என்றது பிறகு பதினொன்றாகி, கடைசியில் நாங்கள் பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது பின்னேரம் நாலரை. வெயில் சாய்ந்து தண்ணீரில் பளபளப்பு விழுந்துவிட்டால் என்ன கண்ணாடி போட்டாலும் அடியில் நிற்கிற மீன் தெரியாது. மச்சான் இதற்கென்றே செம்பு நிறப் போலரைஸ்ட் கண்ணாடி வாங்கி வந்திருந்தார். பாவம், அதைத் தலையில் ஏற்றியபடியே நின்றார்.

படகு பழைய பைபர் படகு. நாலு பேருக்கு மிதவை அங்கி இரண்டு. ஒடியற்கூழ் என்று விளம்பரத்தில் இருந்த சாப்பாடு ஆளுக்கு ஒரு பணிஸும் சோடாவும். அதையெல்லாம் விடுங்கள், தூண்டில் சாமான்தான் கொடுமை. போன்ஃபிஷுக்குச் சாதாரணமாக 9 அடி நீளமான 8-வெயிட் கோல் கொண்டு போவார்கள் (வெயிட் எண் கூடக் கூடக் கோலின் பலமும் கூடும்). காற்றுக்குள் எறிய அந்தப் பலம் தேவை. றீலில் நல்ல இழுவைத் தடுப்பும், மீன் ஓடும்போது விட்டுக்கொடுக்கக் கயிற்றுக்குப் பின்னால் 150, 200 மீற்றர் பின்நூலும் இருக்க வேண்டும். இவர் நீட்டியது குளத்து மீனுக்குப் பாவிக்கிற மெல்லிய 5-வெயிட் கோல். றீல் உப்புப் பூத்து இறுகிப் போயிருந்தது. பின்நூல் என்று ஒன்று கிடையவே கிடையாது. நுனியில் கட்டியிருந்த தங்கூசி நூலை மச்சான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்க, நடுவில் அறுந்தது. ஃபிளை என்று தந்த பெட்டிக்குள் இருந்தவை ட்ரவுட்டுக்குப் போடுகிற, தண்ணீருக்கு மேலே மிதக்கிற வகை. போன்ஃபிஷ் தரையில் கிண்டித் தின்னுகிற மீன். மணிக்கண் வைத்து, கொக்கி மேல்நோக்கி நிற்க அடியில் இறங்குகிற கிரேஸி சார்லி போன்றவைதான் அதற்குச் சரி. நல்லகாலம், மச்சான் தன் கோலையும் நாலு ஃபிளையையும் கொண்டு வந்திருந்தார்.

கோல் இருந்து என்ன செய்ய? சோழகம் ஆழமில்லாத பரவைக்கடலைக் கலக்கிச் சேறாக்கி வைத்திருந்தது. இறங்கி நின்றால் சொந்தப் பாதம் தெரியவில்லை. சப்பாத்துக் கேட்டதற்கு “வெறுங்காலோட நடவுங்கோ, மண்தானே” என்றார். திருக்கை முள் குத்தி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். மண்ணில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்க வேண்டும் என்று நான்தான் மச்சானுக்குச் சொன்னேன், காசு வாங்கின வழிகாட்டி சொல்லவில்லை. சுற்றிவர களங்கண்ணி வலை கட்டுகிற தடிகள். பின்னால் எறிகிற கயிறு ஒவ்வொரு தரமும் ஏதாவது தடியில் போய்ச் சுற்றியது. அது தொழிலாளர்கள் பிழைக்கிற இடம். அதற்குள் எங்களைக் கொண்டுபோய் விட்டதே பிழை.

பிறகு, ஒரு கூட்டம் மீன் தண்ணீரைக் கீறிக்கொண்டு போனது. “அந்தா போன்ஃபிஷ், எறியுங்கோ, எறியுங்கோ!” என்று கத்தினார். மச்சான் எறிந்தார். மீன் திரும்பியும் பார்க்கவில்லை. திரும்ப எறிய, “கோலைத் தூக்குங்கோ, கோலைத் தூக்குங்கோ!” என்று இன்னொரு சத்தம். போன்ஃபிஷுக்குக் கோலைத் தூக்கினால் ஃபிளை வாயை விட்டு வந்துவிடும். கோலைத் தாழ்த்திப் பிடித்தபடி கயிற்றைக் கையால் நீளமாக இழுத்துத்தான் கொளுவ வேண்டும். ட்ரவுட் பிடித்துப் பழகியவர்களுக்குக் கோலைத் தூக்குகிற பழக்கம் லேசில் விட்டுப் போகாது, அதற்காகத்தான் பக்கத்தில் ஒரு வழிகாட்டி. எங்களுடைய வழிகாட்டி பிழையானதைக் கத்திக் கத்திச் சொல்லித் தந்தார்.

கொஞ்சம் தள்ளி வீச்சுவலையோடு ஒரு ஐயா நின்றார். அவரிடம் போய், “ஐயா, உது என்ன மீன்?” என்று கேட்டேன். பறிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். “திரளி தம்பி. உது உங்கட தூண்டிலுக்கு வராது, சேத்துப் பாசியை மேயிற மீன்.” மச்சான் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முதுகில் இரண்டு செட்டை, வாய் முகத்தின் நுனியில். போன்ஃபிஷுக்கு முதுகுச் செட்டை ஒன்றுதான். மூக்கு முன்னுக்கு நீண்டு, வாய் அதற்குக் கீழே இருக்கும். கையில் பிடித்தால் மாறாட்டம் வர இடமே இல்லை. இதைச் சொன்னதும் எங்கள் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? “இது சின்னன் அண்ணை, பெரிசுகள் உள்ளுக்கு நிக்குது.” அந்த ஐயா பறியை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார்.

கரைக்கு வந்ததும் மிச்சப் பாதியைக் கேட்டார். முடியாது என்றோம். எங்கிருந்தோ இன்னும் இரண்டு பேர் வந்து படகுக்குப் பக்கத்தில் நின்றார்கள். இருட்டிவிட்டது. மண்ணெண்ணெய்க் காசு என்று 15,000 ரூபா கொடுத்துவிட்டு ஓட்டோ பிடித்து வந்தோம். முற்பணத்தைப் பிறகு கேட்டால் “காலநிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று ஒரு வரி. அதோடு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மருமகள் அந்த விளம்பரப் படங்களைக் கூகிளில் போட்டுத் தேடினாள். ஐந்து நிமிடம் ஆகவில்லை. எல்லாம் பஹாமாஸ் விடுதி ஒன்றின் படங்கள். பிறகு பார்த்தால் வெளிப்படையாகவே தெரிகிறது: பின்னால் உயர்ந்த மேடை வைத்து, அதிலே ஏறி நின்று நீண்ட தடியை ஊன்றித் தள்ளுகிற படகு ஒன்று படத்தில் நிற்கிறது. அப்படி ஒரு படகு எங்கள் பரவைக்கடலில் எங்கே இருக்கிறது? கரையில் ஒரு பனை கூட இல்லை.

இந்து சமுத்திரத்தில் போன்ஃபிஷ் இல்லாமலில்லை. சீஷெல்ஸில் அல்போன்ஸ் தீவுப் பக்கம் இதற்கென்றே ஆட்கள் போகிறார்கள், அங்கே செலவு பல ஆயிரம் டொலர். மாலைதீவிலும் பிடிக்கிறார்கள், கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான். அங்கேயும் முற்பணம் கேட்பார்கள், அதில் பிழையில்லை. ஆனால் காற்று, மழை என்றால் காசு திரும்புமா, நாள் மாற்றலாமா என்பதை எழுத்தில் தருவார்கள், கடனட்டையில் வாங்குவார்கள். எங்களிடம் வாங்கியது ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு.

ஊரில் இப்படி யாராவது கூப்பிட்டால், நீங்கள் போகிற நாளில் கடல் பெருகுவது எத்தனை மணிக்கு, சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேளுங்கள். உண்மையான வழிகாட்டி நேரத்தைச் சொல்லி, அந்த நாள் சரியில்லை என்றால் வேண்டாம் என்பார். இந்த இடத்திலேயே, இந்த வருடமே பிடித்த மீனின் வீடியோ கேளுங்கள், வாயும் செட்டையும் தெரியவேண்டும். படகின் பதிவு இலக்கத்தையும், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவிருந்தால் அந்த இலக்கத்தையும் கேளுங்கள். சாமான் தருகிறோம் என்றால் கோலின் வெயிட், றீல், பின்நூல் எவ்வளவு என்று படம் அனுப்பச் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் கொக்கியையும் தங்கூசியையும் சப்பாத்தையும் கண்ணாடியையும் நீங்களே கொண்டு போங்கள். கடற்கரைக்குப் போய் ஒரு தொழிலாளியிடம் பத்து நிமிடம் கதைத்தால் மிச்சம் எல்லாம் வெளிச்சமாகும், அதற்குக் காசும் இல்லை.

காசு அனுப்பிய ரசீது, வற்ஸ்அப் உரையாடல், படங்களின் மூலம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறைப்பாடு பதிந்திருக்கிறேன், பொலிஸிலும் கொடுக்கப் போகிறேன். இதே ஆட்களிடம் காசு விட்டவர்கள் உள்பெட்டிக்கு எழுதுங்கள். திகதியும் கணக்கு இலக்கத்தின் கடைசி நாலு எண்ணும் போதும், ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கலாம்.