குழந்தை, இளையர், குடும்பச் சேவைப் பட்டயக் கல்வி: படித்து முடித்தவளின் மதிப்பீடு

வேலைக்குச் சென்றுகொண்டே படிப்பவர்களுக்காகச் சிங்கப்பூரில் நடத்தப்படும் குழந்தை, இளையர், குடும்பச் சேவைப் பட்டயக் கல்வியை இவ்வாண்டு முடித்தேன். 18 மாதங்கள், வாரத்தில் 2 மாலைகள், அலுவலகத்திலிருந்து நேரே வகுப்புக்குப் போய், இரவு 10 மணிக்கு மேல் எம்ஆர்டி ரயில் ஏறி வீடு திரும்பினேன். எனக்கு 43 வயது. சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் துணைப்பாட வகுப்புக்குத் தொண்டூழியராகச் சென்றபோது, கணக்குப் புத்தகத்தைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் வாரந்தவறாமல் தூங்கிவிடும் ஒரு சிறுவனை என்ன கேட்பது, யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் என்னை இந்தப் படிப்பில் சேர வைத்தது. செலவுக்கும் நேரத்துக்கும் இது தகுமா என்று தோழியர் சிலர் கேட்பதால் விரிவாக எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கல்விக்கழகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

படிப்பின் மிகச் சிறந்த பகுதி கவனித்து எழுதும் பயிற்சி என்பேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலில் 20 நிமிடம் அமர்ந்து, கண்ட காட்சியை மட்டும் எழுதி வருமாறு எங்களிடம் சொன்னார்கள். நான் “தாய் அலட்சியமாக இருந்தார்” என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் ‘அலட்சியமாக’ என்ற சொல்லை வட்டமிட்டு, “இதை எங்கே பார்த்தீர்கள்?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். யோசித்துப் பார்த்தால், அந்தப் பெண் 6 முறை கைப்பேசியைப் பார்த்தார், குழந்தை குரல் கொடுத்த ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தார். நான் கண்டது அவ்வளவுதான். அலட்சியம் என்பது என் மனத்திலிருந்து வந்த சொல். ஒரு குடும்பத்தைப் பற்றிய குறிப்பு கோப்பில் ஏறிவிட்டால் அடுத்தடுத்து வரும் ஊழியர்கள் அனைவரும் அந்தச் சொல்லின் வழியாகவே அந்தத் தாயைப் பார்ப்பார்கள் என்பதை அன்று புரிந்துகொண்டேன். இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டணம் கட்டலாம்.

கோட்பாட்டுப் பாடங்களும் நன்றாகவே அமைந்திருந்தன. ஓராண்டைக் கடந்த குழந்தையைப் பழக்கமில்லாத அறையில் வைத்து, தாய் சிறிது நேரம் விலகிச் சென்று திரும்பி வரும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து, இருவருக்கும் இடையிலான பிணைப்பை அறியும் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தின் ஆய்வைக் காணொளியோடு விளக்கினார்கள். அவர் அமெரிக்காவில் அந்தச் சோதனையை வடிவமைப்பதற்கு முன்பே 1950களில் உகாண்டாவில் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று கவனித்தவர் என்ற செய்தி எனக்குப் புதியது. பாட்டி வளர்க்கும் பிள்ளைகளும் பணிப்பெண்ணின் இடுப்பிலேயே வளரும் பிள்ளைகளும் நிறைந்த நம் ஊரில், அந்தப் பணிப்பெண் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதை வகுப்பில் ஒரு மாலை முழுவதும் பேசினோம். பாடத்திட்டத்தில் இல்லாத பேச்சு அது. ஆசிரியர் தடுக்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. குழந்தையைச் சுற்றி வீடு, பள்ளி, சமூகம் என விரியும் யூரி பிரான்ஃபென்பிரென்னரின் சூழல் வட்டங்கள், மனித வாழ்க்கையை எரிக் எரிக்சன் பிரித்த 8 பருவங்கள் போன்றவை தேர்வுக்குப் படிக்கும் அளவில் கடந்து சென்றன.

சட்டப் பாடம் வறண்டிருக்கும் என்று நினைத்துப் போனேன், அப்படி இல்லை. சிறுவர், இளையர் சட்டத்தில் 14 வயதுக்குக் குறைந்தவர் சிறுவர். இளையர் என்பதன் மேல்வரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 16லிருந்து 18 வயதுக்குக் குறைந்தவர் என உயர்த்தப்பட்டதால், முன்பு அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நின்ற 16, 17 வயதுப் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். அதே திருத்தம், ‘பெற்றோர் கட்டுப்பாட்டை மீறிய பிள்ளை’ என்று பொருள்படும் பழைய நீதிமன்ற ஆணையின் இடத்தில் ‘குடும்ப வழிகாட்டுதல் ஆணை’யைக் கொண்டுவந்தது. பெயர் மாறியதோடு, பிள்ளை மட்டுமே குற்றவாளிபோல நின்ற இடத்தில் முழுக் குடும்பமும் வந்து நிற்க வேண்டியதாயிற்று. வீட்டில் பிடிவாதம் பிடிக்கும் மகனைப் பற்றி உறவினர் புலம்பும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்தப் பெயர் மாற்றம் நினைவுக்கு வருகிறது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, மொழி. வகுப்பும் ஒப்படைப்பும் ஆலோசனை நடிப்புப் பயிற்சியும் முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தன, அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் களப்பயிற்சியில் நான் முதலில் சந்தித்த தாய் தமிழ் மட்டுமே சரளமாகப் பேசுபவர். “மகனைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்களா?” என்று பொருள்படும் கேள்வியை அவரைப் புண்படுத்தாமல் கேட்க எனக்குத் தமிழில் ஒரு வாக்கியம்கூட வரவில்லை. வகுப்பில் பழகிய மென்மையான கேள்விகள் அனைத்தும் ஆங்கிலத்தில்தான் என் நாவில் இருந்தன; தமிழில் கேட்டால் அவை மாமியார் கேட்கும் கேள்விபோல ஒலித்தன. கடைசியில் “தம்பி ராத்திரி எத்தனை மணிக்கும்மா தூங்குறான், நீங்க எத்தனை மணிக்கு வேலை முடிஞ்சு வர்றீங்க?” என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் பேசத் தொடங்கினார். தண்டனை பற்றிப் பேசும்போதும் இதே சிக்கல்தான். “அடியாத மாடு படியாது” என்று கேட்டு வளர்ந்த தந்தையிடம் அடிப்பதன் தீங்கை எடுத்துச் சொல்ல, அவருக்குள் இருக்கும் அந்தப் பழமொழியை அறிந்தவராலேயே முடியும். நான் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, வகுப்பில் வரும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று எழுதத் தொடங்கினேன். இதைக் கல்விக்கழகமே செய்திருக்க வேண்டும். தமிழ், மலாய், சீன மொழிகளில் தலா ஒரு பயிலரங்கு நடத்தினாலே போதும்.

அதே சமயம், நம் மொழி எனக்குக் கைகொடுத்த இடமும் உண்டு. மூன்று தலைமுறைக் குடும்பத்தை ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமுமாக வரையும் ஜீனோகிராம் எனும் உறவுப்படப் பயிற்சியில், ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று ஒரே பெட்டியில் அடங்கிவிடுபவர் தமிழில் பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா என்று பிரிந்துவிடுகிறார். யார் வீட்டில் பிள்ளையை விடலாம், யார் சொன்னால் தந்தை கேட்பார் என்பது அந்தச் சொல்லிலேயே பாதி தெரிந்துவிடும். மாமன் மகளை மணந்த ஒருவரின் குடும்பத்தை, உறவுக்குள் நடந்த மணத்தைக் குறிக்கும் இரட்டைக் கோட்டால் நான் இணைத்தபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆசிரியர் என்னையே எழுந்து விளக்கச் சொன்னார். அதற்கு அடுத்த வாரம் மலாய்த் தோழி ஒருவர் தம் குடும்ப வழக்கத்தை விளக்கினார். வகுப்பின் மிக நல்ல இரண்டு வாரங்கள் அவை.

இரண்டாவது குறை களப்பயிற்சி ஏற்பாடு. இடம் தேடித் தருவதாகச் சேர்க்கையின்போது சொன்னவர்கள், கடைசி நேரம் வரை மின்னஞ்சலுக்குப் பதில் அளிக்கவில்லை. எனக்கு 2 மாதம் தாமதமாகியது. சம்பளமில்லா விடுப்பைத் திட்டமிட்டிருந்த ஒரு வகுப்புத் தோழர் அந்தப் பருவத்தையே இழந்தார். கிடைத்த இடம் நல்ல இடம், மேற்பார்வையாளர் வாரம் ஒருமுறை தவறாமல் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்தார் என்பதால் நான் தப்பித்தேன். பலருக்கு அந்த ஒரு மணி நேரம் வாய்க்கவில்லை. பிறருடைய துயரத்தைக் கேட்டுவிட்டு இரவில் தனியாக அதைச் சுமந்து செல்ல ஒரு மாணவரை விடக்கூடாது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் எனும் அரசாங்கப் பயிற்சி உதவித்தொகை எனக்குப் பெரிய துணை. அது குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டுமே பயன்படும் என்பதால், பதிவுக்கு முன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே தெளிவுபடுத்த விரும்புகிறேன். இந்தப் பட்டயம் ஒருவரைப் பதிவுபெற்ற சமூகப் பணியாளர் ஆக்காது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட சமூகப் பணிப் பட்டமோ அதற்கு இணையான பட்டமேற்படிப்போ வேண்டும். 1952இல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிக் கல்வி தொடங்கிய நாடு இது. அதன் மரபும் தகுதிநிலையும் தனி. பட்டயத்தோடு மாணவர் பராமரிப்பு நிலையங்களிலும், குடும்பச் சேவை நிலையங்களின் துணைநிலைப் பணிகளிலும், குறைந்த வருமானக் குடும்பங்களின் இளம் பிள்ளைகளுக்கு உதவ 2016இல் தொடங்கிய கிட்ஸ்டார்ட் போன்ற திட்டங்களை ஒட்டிய வேலைகளிலும் விண்ணப்பிக்கலாம். சம்பளம் என் பழைய வேலையைவிடக் குறைவு என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுத்துக்கொள்வது நல்லது; நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நான் இந்தப் படிப்பை 5க்கு 4 என்று மதிப்பிடுகிறேன், அந்த ஒரு புள்ளி குறைந்தது களப்பயிற்சியாலும் மொழியாலும்தான். சேர நினைப்பவர்கள் அறிமுக நாளில் இரண்டு கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள்: களப்பயிற்சி இடத்தை எந்த மாதத்துக்குள் உறுதி செய்வார்கள், மேற்பார்வைக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்குவார்கள். பதில் எழுத்தில் கிடைத்தால் சேரலாம்.