நமக்குப் பிறகு யாருக்கு? பிஎஃப், பென்ஷன், என்பிஎஸ், பிபிஎஃப் ஓர் ஒப்பீடு

ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் வட்டி எத்தனை சதவீதம், வரி எவ்வளவு மிச்சம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பணம் போட்டவர் இறந்துவிட்டால் அது யார் கைக்கு, எந்த வடிவத்தில், எவ்வளவு அலைச்சலோடு போய்ச் சேரும் என்று ஒப்பிடுவோர் குறைவு. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் திட்டங்களின் வரிசையே மாறிவிடுகிறது.

முதலில் பிஎஃப், அதாவது சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதி. குடும்பத்துக்கு விட்டுச் செல்ல இதைவிடப் பாதுகாப்பான கணக்கு சம்பளக்காரருக்கு இல்லை என்பது என் கட்சி. சட்டப்படி, கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. உறுப்பினர் இறந்த பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடரும். வேலையில் இருக்கும்போதே இறந்தால், இடிஎல்ஐ என்ற இன்ஷூரன்ஸிலிருந்து 7 லட்சம் ரூபாய் வரை சேர்த்துக் கிடைக்கும். அதற்கு ஊழியர் ஒரு பைசாகூடக் கட்டுவதில்லை. இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது, அதனால் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் பிஎஃபில் நாமினியாக, அதாவது நமக்குப் பின் பணத்தை வாங்கும் ஆளாக, யாரை வேண்டுமானாலும் போட முடியாது. குடும்பம் என்று ஒன்று இருந்தால் அதில் உள்ளவரைத்தான் போட வேண்டும். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லாம் அந்தக் குடும்பத்தில் அடக்கம். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை கிடையாது. குடும்பம் இல்லாதபோது வேறு யார் பெயரையாவது எழுதியிருந்தால், கல்யாணம் ஆனதுமே அந்த நாமினேஷன் செல்லாது. வேலைக்குச் சேர்ந்த அன்று எச்.ஆர். நீட்டிய படிவத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு அப்படியே மறந்துபோனவர்கள், இன்றைக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்த நாமினேஷனை இப்போது ஆன்லைனில் செய்யலாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. போட்டோ ஏற்றி, ஆதார் எண் கொடுத்து, யாருக்கு எத்தனை சதவீதம் என்று நிரப்பி ‘சேவ்’ செய்ததும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்து ஆதார் ஓடிபி வைத்து ‘இ-சைன்’ செய்ய வேண்டும். அதைச் செய்யாதவரை நாமினேஷன் ‘பென்டிங்’ நிலையிலேயே கிடக்கும்.

பிஎஃபோடு கூடவே வரும் இபிஎஸ் என்ற ஊழியர் பென்ஷன் திட்டத்தின் கதை வேறு. அங்கே குடும்பம் என்றால் மனைவி அல்லது கணவர், அப்புறம் பிள்ளைகள், அவ்வளவுதான். பிஎஃபில் குடும்பமாக இருக்கும் அம்மா இங்கே குடும்பம் இல்லை. உயிலில் எழுதிவைத்தும் மாற்ற முடியாது. பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால் மனைவிக்குப் பாதி. கணக்கிடும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் வரம்பு இருப்பதால், முழுக்க அந்தச் சம்பளத்திலேயே, பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சர்வீஸ் 35 வருடம் என்று வைத்தாலும் பென்ஷன் 7,500 ரூபாய், மனைவிக்கு 3,750. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள். அந்த ஆயிரத்தில் இன்றைக்கு ஒரு சிலிண்டர் வாங்கினால் கையில் என்ன மிஞ்சும்? இதோடு இரண்டு பிள்ளைகள் வரை, 25 வயது ஆகும்வரை, ஆளுக்கு விதவைப் பென்ஷனில் கால் பங்கு உண்டு. மூலதனத்தைத் திருப்பித் தரும் வசதி முன்பு இருந்தது, 2008இல் எடுத்துவிட்டார்கள். ஆக இது குடும்பத்துக்கு ஒரு சின்னத் துணை. இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

என்பிஎஸ் என்ற தேசியப் பென்ஷன் திட்டம் இரண்டு கட்டமாக நடந்துகொள்கிறது. தனியார் ஊழியரோ சொந்தத் தொழில் செய்பவரோ 60 வயதுக்கு முன் இறந்தால், சேர்ந்த முழுத்தொகையையும் நாமினி மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், அதற்கு வரியும் கிடையாது. இதுவரை பிஎஃபுக்குச் சமம். ஓய்வு பெற்று ஆன்யுட்டி, அதாவது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து மாதப் பென்ஷனாக வாங்கும் ஏற்பாடு, வாங்கிய பிறகுதான் விஷயம் மாறுகிறது. கட்டாயமாக ஆன்யுட்டியில் போட வேண்டிய பங்கு அரசு ஊழியருக்கு 40 சதவீதம். தனியார் துறைக்கு 2025 டிசம்பர் திருத்தத்துக்குப் பின் 20 சதவீதம். அந்தப் பங்கு நமக்குப் பிறகு என்ன ஆகும் என்பது, அன்றைக்கு எந்தக் கட்டத்தில் டிக் அடித்தோம் என்பதைப் பொறுத்தது.

ஆயுள் வரை மட்டும் பென்ஷன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மாதத்தொகை மற்றதைவிட அதிகம். ஆனால் இறந்த அன்றோடு எல்லாம் முடிந்தது. இரண்டாம் வருடமே இறந்தாலும் மனைவிக்கு ஒன்றும் வராது. மனைவிக்குச் சொந்த வருமானம் இல்லாத வீட்டில் இதைத் தேர்ந்தெடுப்பது பெரிய தப்பு. இருவர் ஆயுள் வரை என்பதில் தொகை சற்றுக் குறையும், நமக்குப் பின் அவருக்கும் அதே பென்ஷன் தொடரும். மூன்றாவது, இருவருக்கும் பிறகு போட்ட முதலைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தருவது. நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பிடிக்கும், ‘முதல் பத்திரமாக இருக்கிறதே’ என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 லட்சம் 25 வருடம் கழித்துத் திரும்பி வருகிறது, விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். அந்த 40 லட்சத்தின் மதிப்பு இன்றைய பணத்தில் 9.3 லட்சம்தான். அதற்காக வயதான இருவரும் 25 வருடம் குறைந்த பென்ஷனில் காலம் தள்ள வேண்டும். பிள்ளைகள் வேலையில் நிலைத்துவிட்ட வீட்டில் நான் இரண்டாவதையே சொல்வேன். பிள்ளைக்கு உடல்நலக் குறை, கடைசிவரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற நிலைமை இருந்தால் மட்டும் மூன்றாவது.

யார் வேண்டுமானாலும் வங்கியிலோ தபால் நிலையத்திலோ தொடங்கக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதியான பிபிஎஃபில் இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு நாமினி வரை போடலாம். இறந்த பிறகு நாமினி அந்தக் கணக்கைத் தொடர முடியாது, 15 வருடம் முடியாவிட்டாலும் முடித்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கணவன் மனைவி சேர்ந்து கணக்குத் தொடங்கியிருந்தால், இருப்பவர் அதே வட்டியோடு முதிர்வு வரை தொடரலாம். வயதான தம்பதிக்கு இது நல்ல வசதி.

இனி சண்டை வரும் இடத்துக்கு வருவோம். நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை மட்டுமே, சொந்தக்காரர் அல்ல என்று எல்ஐசி பாலிசி வழக்கில் 1984இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023இல் கம்பெனிப் பங்குகளுக்கும் அதையே சொன்னது. பாலிசியைப் பொறுத்தவரை 2015 சட்டத் திருத்தம் மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினிக்கு உரிமையே கொடுத்துவிட்டது. பிபிஎஃபுக்கு அப்படி இல்லை. ஒருவர் உயில் எழுதாமல் இறக்கிறார், பிபிஎஃபில் 20 லட்சம், நாமினி மனைவி. வங்கி 20 லட்சத்தையும் மனைவியிடம் கொடுக்கும். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு பிள்ளைகள், உயிரோடு இருக்கும் அம்மா என நால்வருக்கும் ஆளுக்கு 5 லட்சம் உரிமை. அப்பாவுக்குப் பங்கு இல்லை. அம்மா அந்த 5 லட்சத்தைக் கேட்டால் மருமகள் கொடுக்கத்தான் வேண்டும், பின்னாளில் அது அம்மாவின் மற்ற பிள்ளைகளுக்கும் பிரியும்.

இதை அடக்க உயில்தான் வழி. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிக் கையெழுத்து கட்டாயம். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவதே மேல். அப்பா கையெழுத்தே இல்லை என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. உயிலில் உள்ள பெயரும் நாமினி பெயரும் ஒன்றாக இருந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும். நம் ஊர் இனிஷியலை மறக்க வேண்டாம்: ஆதாரில் கணவர் இனிஷியல், பாஸ்புக்கில் அப்பா இனிஷியல் என்றால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும்.

கல்யாணம் ஆகாதவர், பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர், தன் பணம் தங்கைக்குப் போக வேண்டும் என்று நினைத்தால் பிஎஃபில் தங்கையை நாமினியாகப் போட வழியில்லை. அவர் பிபிஎஃபில் அதிகம் சேர்த்து, தங்கையை நாமினியாக்கி, உயிலிலும் அதே பெயரை எழுதிவைக்க வேண்டும்.