டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸும் ஆயில் மாற்றிய அனுபவமும்

பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றலாமா, சீண்டாமல் விட்டுவிடலாமா என்று நண்பர் கேட்டார். தாராளமாக மாற்றலாம். என் வண்டியில் பலன் கைமேல் தெரிந்தது. ரிவர்ஸ் போட்டால் தயங்கி நின்று ‘டொக்’கென்று இழுத்த கார், இப்போது லீவரை நகர்த்தியதுமே அசைகிறது. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது வந்த உதறல் அடியோடு போய்விட்டது. இந்த ஆயிலின் அழுத்தத்தில்தான் உள்ளே கிளட்ச் தட்டுகள் இறுகிக் கியர் விழுகிறது. அது கெட்டால் கியர் மாறும் விதத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் தட்டுகளே தேய்ந்து வழுக்குகிற வண்டியைப் புது ஆயில் காப்பாற்றாது.

சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் அடர் பழுப்பாக வந்தது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டைக் (பேன்) கழற்றினால், அதிலுள்ள காந்தத்தில் மை போல ஒரு சாம்பல் நிறப் பசை. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நெருநெருப்பு இல்லை. அது சாதாரணத் தேய்மானம்தான். உலோகத் துணுக்கு கிடைத்திருந்தால் கவலைப்பட்டிருப்பேன். ஒரு தடவை வடித்தால் பாதிகூட வராது, மீதி என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். அதனால் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினேன். அப்புறம் ஒன்று: ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வையுங்கள், இல்லையென்றால் வடித்த பிறகு புது ஆயில் ஊற்ற வழியிருக்காது.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இந்தக் கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கே கிடையாது. அளவு பார்க்க வண்டியை நான்கு பக்கமும் சமமாகத் தூக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் சூடு கையேட்டில் சொன்ன அளவுக்கு, என் வண்டியில் 40 டிகிரியை ஒட்டி, வரும்வரை சூட்டைக் காட்டும் ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அளவு பார்க்கும் செக் போல்ட்டைத் திறந்தால் ஆயில் மெல்லிய தாரையாக வந்து சொட்டாகக் குறைய வேண்டும். சூடு ஏறிவிட்டால் ஆயில் விரிந்து கூடுதலாக வழிந்துவிடும், உள்ளே அளவு குறைந்துபோகும். ஆறவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

குச்சி இருந்தால் ஆளாளுக்குத் திறந்து கண்ட ஆயிலையும் ஊற்றுவார்கள், தூசி உள்ளே போகும் என்கிறார்கள் கார் தயாரிப்பாளர்கள். அதில் நியாயம் இருக்கிறது. தவறான ஆயில் கியர்பாக்ஸையே காலி செய்துவிடும். ஆனால் ஆயில் கசிந்து குறைந்தால் வண்டிக்காரனுக்குத் தெரிய வழி வேண்டாமா? ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று கையேட்டில் எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது.

வண்டி இன்று வெண்ணெயாக ஓடுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் அடுத்த கார் வாங்கும்போது பானெட்டைத் திறந்து முதலில் அந்தக் குச்சியைத்தான் தேடுவேன். அது இல்லையென்றால் எனக்கு அந்த வண்டி வேண்டாம்.